கேட்காத காதுக்கும் ஒரு பிளக்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், கண்ணாடி என்று எல்லாம் தொழிற்சாலைகளுக்கு மொத்தமாகப் போகிற சரக்கு. அப்படிப்பட்ட ஒரு கடையில், காதுகளை மூடும் மஃப் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்து "என்னைத் திட்டுங்க" என்று கேட்ட வாடிக்கையாளர் என்னோடு வந்த அக்கா ஒருவராகத்தான் இருக்க முடியும்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"என்னாங்க மேடம், காலங்காத்தால வந்து..." என்று அவர் இழுத்தார்.

"கேக்குது. இது வேணாம். அடுத்தது குடுங்க."

இரண்டாவதும் போனது. மூன்றாவதை மாட்டியபோது கடைக்காரருக்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது. "ஒரு மஃப் வாங்க இவ்ளோ நேரம் நிக்கற பொம்பளைய நான் பாத்ததே இல்ல. இவங்களோட வீட்ல எப்பிடித்தான் குப்பை கொட்டறாங்களோ!" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அக்கா புன்னகை மாறாமல் நின்றார். பிறகு மஃபைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னா சொன்னாரு?"

சொன்னேன்.

"நல்லாத்தான் திட்டியிருக்காரு. இத எடுத்து வையுங்க. ஆனா இன்னும் முடிவு பண்ணல."

அவரை எங்கள் ரைபிள் கிளப்பில் 'ரோஜாத்தோட்டத்து மேடம்' என்போம். நான் அக்கா என்பேன். மத்திகிரிக்குத் தெற்கே அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அதில் பாதியில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்த்தார். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் ஒரே உரத்த குரல். நல்ல உயரம், பெரிய குங்குமப் பொட்டு, கொண்டையில் ஒரு ரோஜா. அந்த ரோஜா ஒருநாளும் நல்ல ரோஜாவாக இருந்ததில்லை. காம்பு குட்டையானதோ இதழ் கருகியதோதான் இருக்கும். "நல்லது விக்கறதுக்கு. இது கழிச்சுப் போட்டது, இதுக்கும் ஒரு தலை வேணாமா?" என்பார்.

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு துளையின் விட்டம் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் என் பிழைப்பு. 'கிட்டத்தட்ட சரி' என்கிற வார்த்தை எங்கள் மேஜையில் செல்லாது. அப்படிப்பட்ட நானே அவருடைய கண்டிப்பைப் பார்த்து அசந்துபோன நாட்கள் உண்டு. எனக்கு அளவுகோல் கையில் இருந்தது. அவருக்கு அளவுகோல் அவருடைய உடம்பு. எதையும் போட்டுப் பார்க்காமல், அதோடு ஒரு பொழுதைக் கழிக்காமல், நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லமாட்டார். அதைவிட முக்கியம், 'சுமாரா இருக்கு, பரவாயில்ல' என்று சொல்லவே மாட்டார்.

அவருக்கு இடது காது கேட்காது.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கவனித்துத் தெரிந்துகொண்டேன். யாரோடு நடந்தாலும் அவர் தன்னை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்வார், பேசுகிறவர் வலது பக்கம் வரும்படி. நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்தவர், ஆனால் கூட ஆள் இருந்தால் ஓட்டமாட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பக்கத்து ஆள் அவருடைய இடது பக்கம் வந்துவிடுவார். அதனால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இடது இருக்கையில் ஏறிக்கொள்வார். கடையிலிருந்து திரும்பிய அன்றைக்கும் அப்படித்தான். தளி ரோட்டில் போகும்போது அவராகவே சொன்னார்.

"எங்க ஊர் பண்டிகையில அதிர்வேட்டு போட்டாங்க சார். அப்ப எனக்குப் பதினாலு வயசு. குழியில மருந்து கெட்டிச்சு வெச்சிருக்கற எடத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு தோழிகிட்ட வளையலக் காட்டிக்கிட்டு இருந்தேன். பொகை வந்தது தெரியும். அப்புறம் ஒரே நிசப்தம். எல்லாரும் வாயத் தொறந்து தொறந்து மூடறாங்க. நான் சிரிச்சேன், என்னமோ வெளையாட்டுன்னு. சாயங்காலம் வலது காது திரும்ப வந்துச்சு. இடது வரல."

"டாக்டர்கிட்ட..."

"பாத்தாங்க. நரம்பு போயிடுச்சுன்னாங்க. அதோட முடிஞ்சுது. மிச்சம் ஒண்ணுதான் இருக்குது. அத வெச்சுத்தான் மருமக பேசறது, பேத்தி பாடறது, மோட்டார் ஓடறது எல்லாம் கேக்கணும்."

ஒரு காது மட்டும் உள்ளவர் துப்பாக்கி சுட வருவது ஏன் என்று நான் கேட்கவில்லை. மாமனார் பெயரில் இருந்த தோட்டத் துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றப் பயிற்சிச் சான்றிதழ் தேவைப்பட்டதால்தான் அவர் முதலில் கிளப்புக்கு வந்தார். சான்றிதழ் கிடைத்த பிறகும் வந்துகொண்டே இருந்தார். தோட்டத் துப்பாக்கியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, கிளப்பின் பாயிண்ட் டூ டூ ரைபிளோடு தரையில் படுத்துக் காகிதக் குறியைச் சுட ஆரம்பித்தார். அதன் காரணத்தையும் காரில்தான் சொன்னார்.

"ரெண்டு காதையும் மூடிக்கிட்டுப் படுத்து, மூச்ச அடக்கி, அந்தக் கறுப்பு வட்டத்தப் பாக்கறேனில்ல, அப்ப ரெண்டு காதும் ஒண்ணாயிடுது சார். அந்த வரிசையில படுத்திருக்கற யாருக்கும் கேக்காது. அங்க நான் குறைச்சல் இல்ல."

எங்கள் சுடுதளம் மத்திகிரியைத் தாண்டி, கல் எடுத்துக் கைவிட்ட ஒரு குவாரிக்குள் இருக்கிறது. மூன்று பக்கம் செங்குத்தான பாறை. நான்காவது பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதன் அடியில் படுத்துத்தான் சுடுவோம். ஐம்பது மீட்டர் தள்ளிக் குறிகள், அவற்றின் பின்னால் மண்கரை, அதற்குப் பின்னால் ஒரு குட்டை, அப்புறம் பாறை. பாறையோரம் வரும் பழைய லாரிப் பாதைக்குச் சங்கிலி போட்டிருந்தோம். இடம் பத்திரமானது. காதுக்கு மட்டும் பொல்லாதது. ஒரு குண்டு வெடித்தால் அந்தச் சத்தத்தைப் பாறை அப்படியே விழுங்கிவிடாது, திருப்பிக் கொடுக்கும். தகரக் கூரை வேறு தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுக்கும்.

அந்தக் கொட்டகையில் அவர் முதலில் செய்த காரியம் எங்கள் தலைவரின் காதிலிருந்து பிளக்கை உருவியது.

பிளக் என்றால் காதுக்குள் செருகும் நுரைத் துண்டு, ஆரஞ்சு நிறம். தொழிற்சாலைகளில் பெட்டி பெட்டியாகக் கொடுப்பார்கள். எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் தொழிற்சாலைக்காரர்கள் என்பதால் கிளப்பிலும் அதுவே புழங்கியது. தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓடும் இடத்தில் எல்லோரும் பிளக் போட வேண்டும் என்பது விதி. சூப்பர்வைசர் நடைபாதையில் நடந்துகொண்டே பார்ப்பார். காதில் ஆரஞ்சு தெரிந்தால் சரி என்று போய்விடுவார். ஒழுங்காகப் போட்ட பிளக் உள்ளே அடங்கிவிடும், நடைபாதையிலிருந்து பார்த்தால் தெரியாது. போடவில்லை என்று நினைத்துக் கேள்வி வரும். தவிர, ஒழுங்காகப் போட்டால் பக்கத்து மிஷின்காரன் கூப்பிடுவதும் கேட்காது. ஆகவே நுனியை மட்டும் செருகி, மீதியை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் எங்களோடு குவாரிக்கும் வந்தது.

தலைவர் சிங்காரப்பேட்டைக்காரர். லாரிகள் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில்தான் சுடுதளத்துக்கே வருவார். அவருடைய காதில் நீட்டிக்கொண்டிருந்ததை இவர் இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார்.

"இது காதுல இல்லீங்க தலைவரே. காது வாசப்படியில உக்காந்துக்கிட்டு இருக்குது."

எல்லோரும் சிரித்தோம். தலைவரும் சிரித்தார். "அப்ப நீயே உள்ள அழைச்சுக்கிட்டுப் போம்மா" என்றார்.

நுரையை விரல்களுக்கிடையில் ஊசி மாதிரி உருட்ட வேண்டும். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் துவாரம் நேராகும். உருட்டியதை உள்ளே தள்ளி, அது ஊதிப் பெருகும்வரை விரலை எடுக்கக்கூடாது. "இப்ப உங்க பேரச் சொல்லுங்க" என்றார் தலைவரிடம். தலைவர் தன் பெயரைச் சொன்னார். முகம் மாறியது.

"குடத்துக்குள்ள இருந்து பேசறாப்ல இருக்கே!"

"அப்ப சரி."

"சரி, முனிராஜு நிறுத்துன்னு கத்தினா எப்பிடிக் கேக்கும்?"

"கேக்கணும்னு தொறந்து வெக்கறதுன்னா, அப்புறம் எதுக்குங்க அடைக்கறது?"

மறுவாரம் ஆரஞ்சு நுனிகள் பழையபடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முனிராஜு எங்கள் ரேஞ்ச் ஆபீசர். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். ஆரம்பிக்கலாம், நிறுத்தலாம் என்று உத்தரவு போடுவது அவர் வேலை. வரிசையில் மூன்று மொழிக்காரர்களும் படுத்திருப்பார்கள் என்பதால் அவர் எதையும் மூன்று முறை கத்துவார். "நிறுத்துங்க! நில்லிசி! ஆபண்டி!" அவருடைய முதல் கத்தல் பாறையில் மோதித் திரும்பும்போது மூன்றாவது கத்தல் போய்க்கொண்டிருக்கும். மூன்று மொழியும் நடுவழியில் கலந்து ஒரு பெருங்கூச்சலாக வந்து சேரும். வார்த்தை புரிந்து நிறுத்தியவர் யாரும் இல்லை. முனிராஜு கத்துகிறார் என்றால் நிறுத்த வேண்டும் என்பது பழக்கம்.

தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரர் திட்டியும் கேட்காத அந்தப் பெரிய மஃப், ரைபிளின் கட்டையில் கன்னத்தை வைத்ததும் தோற்றுப்போனது. காதை மூடும் கிண்ணம் கட்டையில் இடித்துத் தூக்கிக்கொண்டது. தூக்கியது வலது பக்கம், அதாவது கேட்கிற காது. அடுத்துத் தட்டையான கிண்ணம் உள்ள ஒன்றை வாங்கினார். கட்டையில் இடிக்கவில்லை, ஆனால் ஜிமிக்கி தடுத்தது. ஜிமிக்கியைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியின் காம்பு தடுத்தது. கம்பி மாதிரி மெல்லிய காம்பு வைத்த கண்ணாடி செய்துகொண்டார். கொண்டை மஃபின் தலை வளையத்தைத் தள்ளியது. கொண்டையைக் கழுத்துவரை இறக்கிப் பின்னலாக்கினார். ரோஜா மட்டும் பின்னலின் நுனிக்குப் போனது.

பெங்களூரிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவர் மின்னணு மஃப் வைத்திருந்தார். பேச்சை உள்ளே விடும், வெடிச்சத்தம் வந்தால் தானே அடைத்துக்கொள்ளும். விலை அதிகம். நானே அதைத்தான் பரிந்துரைத்தேன். அக்கா ஒரு முழுக் காலையும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல சாமான்தான். ஆனா எனக்கு ஆவாது சார். எல்லாத்தையும் கேக்க வெக்குது, எது எங்கேருந்து வருதுன்னு சொல்லல. அது தெரியறதுக்கு ரெண்டு காது வேணும். யாராச்சும் பேசினா நான் தலையத் தூக்கித் தேடறேன். துப்பாக்கியப் புடிச்சுக்கிட்டு அப்பிடித் தேடலாமா?"

கடைசியில் அவர் முடிவு செய்தது இரண்டும் சேர்ந்த ஏற்பாடு. உள்ளே ஆழமாகப் பிளக், வெளியே தட்டையான மஃப். இடது காதுக்கும் பிளக்கை உருட்டுவதைப் பார்த்த ஒரு உறுப்பினர் விளையாட்டாகக் கேட்டார்.

"அந்தக் காதுதான் கேக்காதே மேடம், அதுக்கு எதுக்குப் பிளக்கு? வேஸ்ட்டு."

"கேக்கலன்னாலும் அது என் காதுதாங்க" என்று சொல்லிவிட்டுப் பிளக்கை உள்ளே தள்ளினார்.

சுட்டு முடித்ததும் அவர் போய்க் காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வார். யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. காதுக்குள்ளே வண்டு ரீங்கரிக்கிறதா என்று பார்க்கிற நேரம் அது. வலது காதுக்கு அருகில் தலைமுடியை இரண்டு விரலால் தேய்ப்பார். அந்தச் சரசரப்பு கேட்டால்தான் முகம் தெளியும், கண்ணாடி இறங்கும். எனக்குத் தெரிந்து அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஒருமுறைகூட வண்டு கத்தவில்லை.

கல்யாண வீடுகளிலும் அவர் இப்படித்தான். பாகலூர் ரோட்டில் ஒரு மண்டபத்தில் எங்கள் உறுப்பினர் வீட்டுக் கல்யாணம். ஆளுயர ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். இவர் முன்வரிசையில் பட்டுப்புடவையோடு, காதில் பிளக்கோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க மேளம் அவ்ளோ மோசமாங்க?" என்று பக்கத்தில் வந்து கேட்டார். "மேளம் பிரமாதம். அதான் பத்திரமா இருக்கட்டும்னு" என்று இவர் பதில் சொன்னார். பெரியம்மா சிரித்துவிட்டார். போகும்போது அவரும் ஒரு ஜோடி வாங்கிப் போனார் என்று ஞாபகம்.

கிளப்பில் அக்காவின் இடத்துக்கு ஆபத்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

காற்றில் ஒரு குறி பிய்ந்து பறந்துவிட்டது. முனிராஜு நிறுத்தச் சொல்லிக் கத்தினார். வரிசையில் எல்லோரும் நிறுத்தினார்கள். அக்கா மட்டும் இன்னொரு குண்டு சுட்டார். யாரும் கொட்டகையை விட்டு இறங்கியிருக்கவில்லை, குண்டு அவருடைய குறியில்தான் போய் விழுந்தது. ஆனாலும் நிறுத்தச் சொன்ன பிறகு வந்த அந்த ஒற்றை வெடிக்கு எல்லோரும் உறைந்துபோனோம். முனிராஜு ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டார். அவர் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். இனி சுட முடியாதபடி ரைபிளின் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலமே கமிட்டி கூடியது. நான் செயலாளர். தலைவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, உன்ன யாரும் போகச் சொல்லல. மேல இருக்கற மஃப மட்டும் கழட்டிடு. பிளக்கையும் எங்கள மாதிரி கொஞ்சம் லூசா வெச்சுக்கோ. முனிராஜு சத்தம் கேட்டுடும். அதோட பிரச்சனை முடிஞ்சுது."

"அப்பிடி லூசா வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா இந்தக் காதும் போச்சுன்னா?"

"அப்ப ரைபிள் வேணாம். உள்ள ஹால்ல ஏர் ரைபிள் சுடு. அதுல சத்தமே இல்ல."

"நான் ரைபிள்தான் சுடுவேங்க."

"காதையும் விடமாட்டேங்கற, ரைபிளையும் விடமாட்டேங்கற. நான் என்னதாம்மா பண்றது? நாளைக்கு ஒருத்தன் குறி மாட்டப் போயிருக்கறப்ப நீ சுட்டுட்டா?"

தலைவர் சொன்னது நியாயம் என்று அக்காவுக்குத் தெரியும். முகத்தில் அது தெரிந்தது. பிறகு சொன்னார்.

"அது நடக்கவே கூடாது. ஒரு வாரம் டைம் குடுங்க. சத்தம் இல்லாம நிறுத்தறதுக்கு வழி பண்றேன். முடியலன்னா நானே மெம்பர் கார்டத் திருப்பிக் குடுத்துடறேன்."

அந்த வாரம் அக்காவும் நானும் ஓசூரில் பழைய இரும்புக் கடைகளை அலசினோம். தொழிற்சாலை மிஷின்களின் தலையில் இருக்கும் சிவப்பு விளக்குகளை வாசகர்கள் பார்த்திருக்கலாம். மிஷின் நின்றால் எரியும். அப்படி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. கொட்டகைத் தூணில் பொருத்தி, முனிராஜுவின் மேஜையில் சுவிட்ச் வைத்தேன். ஒயரிங் என்னுடையது, சுத்தமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை காலி ரைபிள்களோடு ஒத்திகை. அவரோடு சேர்த்து ஆறு பேர், எல்லோருக்கும் அவரே பிளக்கை ஆழமாகப் போட்டுவிட்டு மேலே மஃபும் மாட்டினார். படுத்தார்கள். குறி பார்த்தார்கள். முனிராஜு சுவிட்சைப் போட்டார். விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. ஆறு பேரில் ஒருவரும் அசையவில்லை. அவரும்தான். காலி ரைபிளின் குதிரையை நிதானமாக இழுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாரானார்.

தலைவர் என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். முனிராஜு ஒவ்வொருவர் காலாகத் தட்டி எழுப்பினார். விஷயம் தெரிந்ததும் ஐந்து பேர் எழுந்தார்கள். அவர் எழவில்லை. படுத்தபடியே தலையைத் திருப்பி விளக்கைப் பார்த்தார். பிறகு குறியைப் பார்த்தார். மறுபடி விளக்கை. காதுகளை விடுவித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"தலைவரே, கொஞ்சம் இங்க வந்து படுங்க."

"வேட்டியோடவா?"

"வேட்டியத் துவைச்சுக்கலாம். வாங்க."

தலைவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்து பாயில் படுத்தார். சுட வந்தால் பத்துத் தடவை படுப்பவர்தான். ஆனால் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கப் படுப்பது வேறு. ரைபிளை அவர் தோளில் அணைத்து வைத்தார் இவர்.

"குறி பாக்கற ஓட்டை வழியாப் பாருங்க. என்னா தெரியுது?"

"கறுப்பு வட்டம்."

"இன்னும்?"

"அதச் சுத்தி வெள்ளை. வேறென்ன தெரியும்? ஒரு கண்ணு ஓட்டையில, இன்னொரு கண்ணுக்குத்தான் தடுப்பு மாட்டியிருக்கமே."

"இப்ப லைட்டு எரியுது. தெரியுதா?"

"தெரியல."

தலைவர் படுத்தபடியே ஒரு கையை ரைபிளிலிருந்து எடுத்து, ஐம்பது மீட்டர் தள்ளி இருந்த குறிகளைக் காட்டினார்.

"எலே முனிராஜு, லைட்ட இங்க வெச்சா எவன்டா பாப்பான்? அங்க கொண்டுபோய் வையுங்கடா!"

அப்படித்தான் விளக்கு இடம் மாறியது. ஒன்று போதாது என்று குறிக்கு ஒன்றாக ஆறு வாங்கினோம். தரையில் குழாய் புதைத்து ஒயரைக் கொண்டுபோனேன். குண்டு படாமல் இருக்க முன்னால் இரும்புத் தகடு, அதில் சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஒரு துவாரம். ஒவ்வொரு விளக்கும் அதனதன் கறுப்பு வட்டத்துக்கு நேர் மேலே. வேலை முடிந்தது என்று நான் நிமிர்ந்தபோது அவர் ஒவ்வொரு இடமாகப் படுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவதில் நிறுத்தினார்.

"இது சுமாராத் தெரியுது சார். வெயில் நேரா அடிக்குது."

"மத்த அஞ்சும் நல்லாத் தெரியுதில்லக்கா?"

"ஆறாவதுல படுக்கறவனுக்கு மத்த அஞ்சும் எதுக்கு?"

எண்ணெய் டின் ஒன்றை வெட்டி அந்த விளக்குக்குக் குல்லாய் போட்ட பிறகுதான் எழுந்தார். மறு ஒத்திகையில் சுவிட்சைப் போட்டதும் ஆறு பேரின் விரல்களும் குதிரையை விட்டு விலகின. ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை, யாரும் கத்தவில்லை. தலைவர் மட்டும் "ம்" என்றார். கார்டு அக்காவிடமே இருந்தது. ஆனால் தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். நிஜக் குண்டோடு சுடும்போது உண்மையாகவே நிறுத்த வேண்டி வந்து, இது வேலை செய்வதை ஒருமுறையாவது பார்த்த பிறகுதான் கமிட்டி கையெழுத்துப் போடும். அதுவரை அவர் சுடும்போது முனிராஜு அவர் காலடியில் நிற்க வேண்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒத்துக்கொண்டார்.

அந்த ஒருமுறை மழைக்கால முடிவில் வந்தது.

பக்கத்துக் குவாரிகளில் தினமும் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். அதனால் எங்கள் பகுதியில் வெடிச்சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று வரிசையில் ஆறு பேரும், விளக்கு வந்த பிறகு பழகிக்கொண்டபடி பிளக்கை ஆழமாகப் போட்டு, நிஜக் குண்டோடு சுட்டுக்கொண்டிருந்தோம். முதல் இடத்தில் தலைவர், நான்காவதில் நான், ஆறாவதில் அக்கா. முனிராஜு அவர் காலடியில், சுவிட்சை நீள ஒயரோடு கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கறுப்பு வட்டம் மட்டும் தெரிந்தது. திடீரென்று அதன் மேல் சிவப்பு.

விரலை எடுத்தேன். போல்ட்டைத் திறந்தேன். தலையைத் தூக்கிய பிறகுதான் பார்த்தேன். மண்கரையின் மேல் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கேமராவோடு பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே, பாறையடியில், தரையில் புரளும் நீல கவுன் போட்ட ஒரு பெண்ணும் கோட் போட்ட ஒரு இளைஞனும். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோ. குவாரிக் குட்டையின் தண்ணீர் பின்னணிக்கு அழகாக இருக்கும் என்று மறுபக்கத்துப் பழைய லாரிப் பாதையில் சங்கிலியைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். எங்கள் சத்தத்தைப் பக்கத்துக் குவாரி வெடி என்று நினைத்திருக்கிறார்கள். கேமராக்காரர் இன்னும் நாலு எட்டுப் பின்னால் வந்திருந்தால் ஆறாவது குறியின் மேல் விழுந்திருப்பார்.

வரிசை முழுவதும் அசைவில்லை. முனிராஜு மூன்று மொழியிலும் கத்திக்கொண்டிருந்தார் என்பது அவர் கழுத்து நரம்பிலிருந்து தெரிந்தது. எங்களில் யாருக்கும் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. ஆறு ரைபிள்களின் போல்ட்டுகளும் திறந்திருந்தன.

எல்லா ரைபிளும் தரையில் இருக்கிறதா என்று அக்கா வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகுதான் மஃபைக் கழற்றினார். எழுந்து நின்று தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டார். ஸ்பீக்கரே தேவையில்லாத குரல். கேமராக்காரர் திரும்பினார். எங்களைப் பார்த்தார், ரைபிள்களைப் பார்த்தார், தன் காலடியில் இருந்த குறிகளைப் பார்த்தார். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே கரையின் மறுபக்கம் இறங்கினார். கவுன் போட்ட பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முனிராஜு போய்ச் சங்கிலியைப் பூட்டிவிட்டு வந்தார். தலைவர் இன்னும் பாயில் உட்கார்ந்திருந்தார். பிளக்கை எடுக்க விரலைக் காதில் விட்டார். ஆழமாகப் போயிருந்ததால் சட்டென்று வரவில்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நான் அமுக்கப் போனேன் முனிராஜு. குதிரையப் பாதி இழுத்துட்டேன்" என்றார் மெதுவாக.

பிறகு எழுந்து வரிசையின் கடைசிக்கு நடந்து வந்தார். முனிராஜுவின் கையில் கட்டியிருந்த ரேஞ்ச் ஆபீசர் பட்டையைக் கேட்டு வாங்கினார். அக்காவின் வலது பக்கமாக வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கையெழுத்து இன்னைக்கே போட்டுடறேன். இனிமே இந்த வரிசைய நீதாம்மா பாத்துக்கணும். முனிராஜு உனக்கு உதவியா இருப்பான். இந்தா, கட்டிக்கோ."

கிளப் தொடங்கியதிலிருந்து அந்தப் பட்டையை ஒரு பெண் கட்டியதில்லை. முனிராஜுவே தலையசைத்துச் சிரித்தார். நான் கைதட்டப் போனேன். அக்கா பட்டையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்ததை நான் பெருமை என்றுதான் சொல்லுவேன்.

"ரொம்ப சந்தோஷம் தலைவரே. ஆனா கத்தறதுக்கு நீங்கல்லாம் இருக்கீங்க. நான் சுட வந்தவ. எனக்கு இன்னும் ரவுண்டு பாக்கி இருக்குது" என்றார்.

தலைவர் பட்டையை முனிராஜுவிடமே கொடுத்தார். அக்கா கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை இழுத்துப் பிளக்கைப் போட்டார், முதலில் வலது, பிறகு இடது. மஃபை மாட்டினார். முனிராஜு அவர் காலடியை விட்டு விலகி, தன் பழைய மேஜைக்கே போய் நின்றார். நாங்கள் எங்கள் இடங்களில் படுத்தோம்.

சிவப்பு அணைந்தது. முதல் குண்டு ஆறாவது இடத்திலிருந்து போனது.